மலை ஏறும் பழைய பஸ்களுக்கு: ரேடியேட்டர் மாற்றும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பழைய பள்ளி பஸ், தொழிற்சாலை பஸ் எதையாவது வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக் கட்டியவர்கள் கேமரன் மலை அடிவாரத்தில் இருக்கும் நம் தாப்பா வட்டாரத்தில் பெருகிவிட்டீர்கள். சிலருக்கு அது சாப்பாட்டுக் கடை, சிலருக்குக் குடும்பத்தோடு சுற்றுவதற்கு. பட்டறைக்கு வந்ததும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, பெரிய ரேடியேட்டரா ஒன்னு போட்டுக் குடுங்க. கேமரன் மலை ஏறுனா ஊசி சிவப்புக்குப் போயிடுது." ரேடியேட்டர் என்பது எஞ்சினில் சூடாகிவரும் தண்ணீரைக் காற்றால் ஆற்றும் பகுதி. இனி அப்படிக் கேட்டவுடன் நாங்கள் அதற்கு விலை சொல்லப்போவதில்லை. முதலில் வண்டியைச் சோதிப்போம், அதன் பிறகுதான் விலை. காரணத்தைச் சொல்லவே இந்த மடல்.

உங்கள் வண்டி ஒரு காலத்தில் சீட் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடியதுதான். எஞ்சினைச் செய்தவன் அந்தச் சுமைக்குக் கணக்குப் போட்டுத்தான் ரேடியேட்டர் கொடுத்திருக்கிறான். அப்போது கொதிக்காதது இப்போது கொதிக்கிறது என்றால், காற்றோ தண்ணீரோ போகும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. மாற்றிக் கட்டிய பஸ்களில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் காற்று அடைப்பு.

எஞ்சின் பின்னால் இருக்கும் பஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பலவற்றுக்கு ரேடியேட்டர் பின்பக்க ஓரத்தில், பக்கவாட்டுக் கம்பி வலைக்குப் பின்னால் இருக்கும். முன்பக்கம் இருப்பதுபோல ஓடும் வேகத்தில் காற்று தானாக உள்ளே அடிக்காது. பேன் இழுத்தால்தான் உண்டு. பாடி கட்டுகிறவருக்கு இது தெரிவதில்லை. இடம் வீணாகிறதே என்று வலையை ஒட்டி கேஸ் சிலிண்டர் பெட்டி வைப்பார், கட்டிலுக்கு அடியில் பிளைவுட் அடித்து மூடுவார். அதைவிட மோசம், ரேடியேட்டரைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டையையும் ஸ்பாஞ்சையும் பழசு என்று பிடுங்கிப் போட்டுவிடுவது. அந்தப் பட்டை இல்லாவிட்டால் எஞ்சின் பக்கத்துச் சூடான காற்று ஓரமாகச் சுற்றி வந்து மறுபடியும் ரேடியேட்டருக்குள்ளேயே நுழையும். வெளியே 33 டிகிரி இருக்கும்போது ரேடியேட்டருக்குள் போகும் காற்று 50 டிகிரி இருந்தால், எவ்வளவு பெரியதை மாட்டினாலும் காசுக்குத்தான் கேடு. ஸ்பாஞ்சுப் பட்டைக்கு ஆகும் செலவோ சொற்பம்.

பேனைச் சுற்றியுள்ள கூண்டும் அப்படித்தான். கூண்டு இல்லாவிட்டால் பேனுக்கு நேராக இருக்கும் வட்டம் மட்டும் வேலை செய்யும், நான்கு மூலையும் சும்மா இருக்கும். உள்ளே இழுக்கும் பேனாக இருந்தால் இறக்கையின் அகலத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கூண்டுக்குள் இருக்க வேண்டும். இறக்கை நுனிக்கும் கூண்டுக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பேன் கிளட்ச் (சூடு கூடினால் பேனை எஞ்சினோடு இறுக்கிச் சுற்ற வைப்பது) உள்ள வண்டியில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பேனைச் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் விர்ரென்று சுற்றினால் கிளட்ச்சுக்குள் இருக்கும் சிலிக்கோன் எண்ணெய் போய்விட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டு, கார் மின்விசிறி இரண்டு வாங்கி மாட்டித் தரச் சொல்கிறவர்கள் உண்டு. பஸ் பேன் எஞ்சினிடமிருந்து பல குதிரைத்திறனை எடுத்துச் சுற்றுவது. அந்தக் கார் விசிறிகள் இரண்டும் சேர்ந்தால்கூட ஒரு குதிரைத்திறனைத் தாண்டுவது அரிது.

அடுத்தது அழுக்கு. தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏர்கானின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்தால், வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சுத்தமாகத் தெரியும். கண்டென்சரைக் கழற்றினால்தான் விஷயம் புரியும்: எஞ்சின் எண்ணெய்ப் பசையில் செம்மண்ணும் லாலாங் புல்லின் பஞ்சும் செம்பனை நாரும் ஒட்டி, இரண்டுக்கும் நடுவே கம்பளிபோல ஒரு படலம். வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் அது இன்னும் உள்ளேதான் போகும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் திரவம் அடித்து ஊறவிட்டு, பேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் கழுவ வேண்டும். அழுத்தம் கூடினால் தகடுகள் மடங்கிவிடும்.

சரி, தண்ணீர் பக்கம் வருவோம். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுட்டா சூடு குறையும்" என்பது இந்த ஊரில் பெரிய மருந்து. தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்துவிடும் வால்வு. அதைக் கழற்றும் வேலையை நாங்கள் செய்து தருவதில்லை. பல டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றும் குறுக்கு வழியையும் அதுவே அடைக்கும். கழற்றிவிட்டால் அந்த வழி திறந்தே கிடக்கும். பாதித் தண்ணீர் ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். பம்ப்புக்குப் போகும் கீழ் ஹோஸையும் பாருங்கள். உள்ளே இருந்த சுருள் கம்பி துருப்பிடித்துப் போயிருந்தால், எஞ்சின் வேகம் கூடும்போது ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிவிடும். வண்டி நின்றவுடன் பழையபடி உருண்டையாகிவிடுவதால் யார் கண்ணிலும் படாது.

ரேடியேட்டர் மூடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி நன்றாக இருந்தால் இங்கே கீழே தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. தாப்பாவிலிருந்து கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா போவதற்குள் சுமார் 1,400 மீட்டர் ஏறுகிறோம். அந்த உயரத்தில், மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால், 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சில வண்டிகள் மலைப்பாதையில் வரும் ரிங்லெட் ஊரைத் தாண்டித் தகராறு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலண்ட் நமக்கெதற்கு, இங்கே பனியா கொட்டுகிறது என்று குழாய்த் தண்ணீரையே ஊற்றுகிறவர்களுக்கு ஒன்று: கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. அது இல்லாவிட்டால் டீசல் எஞ்சினில் பிஸ்டன் ஓடும் உருளையான லைனரின் வெளிச்சுவரில் ஊசித் துளை விழும். அதற்காகக் கெட்டியாக அப்படியே ஊற்றவும் கூடாது, தண்ணீரைவிடக் கூலண்ட் சூட்டைக் குறைவாகத்தான் சுமக்கும். பாதிக்குப் பாதிக்கு மேல் வேண்டாம்.

நாங்கள் சோதிக்கும் முறை இதுதான். வண்டியைச் சுமையோடு ஏற்றத்தில் ஓட்டி, ரேடியேட்டரின் மேல் தொட்டியிலும் கீழ்த் தொட்டியிலும் சூட்டை அளப்போம். வித்தியாசம் 5 முதல் 10 டிகிரி இருப்பது வழக்கம். கொதிக்கும் வண்டியில் வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது: குழாய் அடைப்பு, பம்ப், ஹோஸ். வித்தியாசம் குறைவாக இருந்தால் காற்று போதவில்லை. வீட்டில் சூட்டை அளக்கும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பளபளக்கும் பித்தளையில் நேராகப் பிடிக்காதீர்கள், குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் பிடியுங்கள். அப்புறம், தண்ணீர் குறைந்து சென்சார் வெறும் ஆவியில் நின்றால் டாஷ்போர்டு ஊசி கீழேகூட இறங்கிக் காட்டும். அதனால் தண்ணீர் மட்டம் குறைந்தால் கத்தும் அலாரம் ஒன்றை எல்லா வண்டிக்கும் பரிந்துரைக்கிறோம்.

இத்தனையும் பார்த்த பிறகும் ரேடியேட்டர்தான் காரணம் என்று தெரிந்தால், பழைய செம்பு ரேடியேட்டருக்கு உள்கூடு மட்டும் மாற்றிக் கட்டித் தருவோம். எஞ்சின் தலைமூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் (கசியாமல் அடைக்கும் தகடு) போயிருந்தால் அது வேறு வேலை, வேறு விலை; அதை மறைத்து ரேடியேட்டரை விற்க மாட்டோம்.

சோதனைக்கு வருகிறவர்கள் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள்; எஞ்சின் ஆறியிருந்தால்தான் மூடியைத் திறக்க முடியும். பாடி மாற்றுவதற்கு முன் எடுத்த படம் இருந்தால் கொண்டுவாருங்கள், எங்கே வலை இருந்தது என்று அதில் தெரியும். தைப்பூசத்துக்கு முந்தின வாரங்களில் கூட்டமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பட்டறையினர், தாப்பா