பக்கவாதமும் வீட்டு நம்பிக்கைகளும்

ஆசிரியருக்கு,

செட்டிநாட்டுப் பக்கம் பக்கவாதம் வந்தவருக்குப் புறா ரத்தம் தேய்ப்பதும், 'விதி' என்று படுக்கவைத்துவிடுவதும் இன்னும் நிற்கவில்லை. இனி முடியாது என்று நம்புகிறவர் கையை அசைக்க முயல்வதில்லை. அசையாத கை இறுகிவிடுகிறது. பாசத்தில் ஊட்டிவிடுவதும் அதே கெடுதலைத்தான் செய்கிறது. சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் விட வேண்டும், கழற்றும்போது கடைசியில். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவக்கூடும். நம் வீடுகளின் உயரமான வாசல்படியில் ஏற நல்ல கால் முதலில், இறங்கப் பலவீனமான கால் முதலில். துணைக்கு வருபவர் ஏறும்போது பின்னால், இறங்கும்போது ஒரு படி கீழே, பலவீனமான பக்கமாக நிற்கட்டும். உடம்பு தேறியதும் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துகிறார்களே, அதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடாதீர்கள்.

இயன்முறை மருத்துவர்கள் சிலர்,
காரைக்குடி