வசனத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது ஒருத்தர் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால், அவர் பாதி சொல்வதற்குள் "கவலைப்படாதீங்க, ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று சொல்லி முடித்துவிடும் பழக்கம் நம் சபைகளில் ஊறிப்போய்விட்டது. சொல்வது பொய் இல்லை, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்தான், நானும் அதை நம்பித்தான் வாழ்கிறேன். ஆனால் அவ்வளவு அவசரமாகச் சொல்லும்போது கேட்டவர் "ஆமென்" சொல்லிவிட்டுக் கொண்டுவந்த பாரத்தை அப்படியே வீட்டுக்குச் சுமந்துகொண்டு போகிறார். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், "விசுவாசம் இருந்தா ஏன் பயப்படுறீங்க?" என்றே கேட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த மனுஷர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். நான் அரசுப் பணியில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், இப்போது பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாரோடு பசுமலை, திருநகர் பக்கம் வீடு வீடாக ஜெபிக்கப் போகிறவள். வார்டிலும் வீடுகளிலும் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இயேசுவின் சீஷராகிய பேதுரு எழுதின முதலாம் நிருபம் 5-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனம் நம்மில் பலருக்கு மனப்பாடம். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." புத்தாண்டு இரவு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் இது வரும், காலண்டரில் வரும், ஆட்டோவின் பின்னால் ஸ்டிக்கராகக்கூட வரும். அடுத்த வசனத்தை அச்சடித்த அட்டையை நான் பார்த்ததில்லை. "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள், ஏனெனில், உங்கள் எதிராளியாகிய பிசாசானவன் கெர்ச்சிக்கிற சிங்கம்போல் எவனை விழுங்கலாமோ என்று வகைதேடிச் சுற்றித்திரிகிறான்." பேதுரு இரண்டையும் ஒரே மூச்சில் எழுதினார், நாம் ஆறுதலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை அங்கேயே விட்டுவிட்டோம். கவலையை ஆண்டவர் கையில் கொடுக்கச் சொன்னது நாம் போர்த்திப் படுத்துக்கொள்வதற்காக இல்லை. கவலை இறங்கினால்தான் புத்தி தெளியும், புத்தி தெளிந்தால்தான் என்ன நடக்கிறது என்று கண்ணில் படும்.

இதைச் சொல்கிற தகுதி பேதுருவுக்கு முழுக்க உண்டு என்பது என் எண்ணம். கெத்செமனே தோட்டத்தில் "ஒரு மணி நேரம் நீ விழித்திருக்கக்கூடாதா?" என்று ஆண்டவர் கேட்டது இதே பேதுருவைப் பார்த்துத்தான். விழித்திருந்து ஜெபிக்க வேண்டிய ராத்திரியில் தூங்கினார், கொஞ்ச நேரத்தில் வேலைக்காரி ஒருத்தி கேட்ட கேள்விக்கே பயந்து இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தார். அப்புறம் அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஏரோது ராஜா யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுவிட்டான், அடுத்தது பேதுரு, விடிந்தால் ஜனங்களுக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்தப் போகிறான், இரண்டு சங்கிலியால் கட்டி இரண்டு சேவகருக்கு நடுவே போட்டிருக்கிறார்கள். அந்த ராத்திரியில் பேதுரு தூங்குகிறார்! தூதன் விலாவில் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. முந்தின தூக்கம் அசதியும் துக்கமும் சேர்ந்த தூக்கம், பிந்தினது பாரத்தை இறக்கி வைத்துவிட்ட மனுஷனின் தூக்கம். இரண்டையும் தூங்கிப் பார்த்தவர்தான், பாடு அனுபவித்துக்கொண்டு பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா என்று சிதறிக் கிடந்த விசுவாசிகளுக்கு இந்தக் கடிதத்தை எழுதுகிறார். ஒரு நாளும் பயந்திராத ஆளின் புத்திமதி இல்லை இது.

கவலைப்படுவதும் விழித்திருப்பதும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும், இரண்டிலும் கண் மூடாது. ராத்திரி டூட்டி பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் அம்மா விடிய விடியத் தூங்கியிருக்க மாட்டார், ஆனாலும் ட்ரிப் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறுவது அவர் கண்ணில் படாது, ஏனென்றால் பிள்ளையின் முகத்தையே பார்த்துப் பதறிக்கொண்டிருப்பார். நர்ஸுக்கும் தூக்கம் இல்லைதான், ஆனால் எந்தக் கட்டிலில் என்ன மருந்து ஓடுகிறது, யாருக்கு எத்தனை மணிக்கு ஊசி, கூப்பிட்டால் வர டாக்டர் இருக்கிறார் என்பது தெரியும், அதனால் பதற்றம் இல்லாமல் சுற்றி வர முடிகிறது. விசுவாசியின் விழிப்பும் அப்படிப்பட்டதுதான். "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்று சங்கீதம் 121 சொல்கிறது, பெரிய டாக்டர் விழித்திருக்கிறார், அந்த தைரியத்தில் நாம் நம் வேலையைக் கவனமாகப் பார்க்கலாம்.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? பிசாசு என்றதும் பேயோட்டும் கூட்டம் மட்டுமே சிலருக்கு ஞாபகம் வருகிறது. பயந்து போன மனுஷரைத் தேடித்தான் சிங்கம் சுற்றுகிறது, அது வருகிற வழிகள் ரொம்பச் சாதாரணமானவை.

முதல் வழி மாத்திரை. "அபிஷேகம் பண்ணி ஜெபிச்சாச்சு, இனி மாத்திரை எதுக்கு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தி, வலிப்பு மேல் வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். இன்சுலின் போடுகிற பிள்ளைக்கு அதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, அதற்கு ரொம்ப நாள் ஆகாது. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது அழுது ஜெபித்தார், கர்த்தர் கேட்டு 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார், அதே அதிகாரத்தில்தான் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின் மேல் பற்றுப் போட வைக்கிறார். ஜெபமும் மருந்தும் அங்கே சண்டை போடவில்லை. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் இங்கே கோயிலும் கட்டியது, பள்ளிக்கூடமும் கட்டியது, ஆஸ்பத்திரியும் கட்டியது. கீழவெளி வீதி மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் நம் சபைகளிலேயே எத்தனை பேர்! அப்படிப்பட்ட ஊரில் மாத்திரையை நிறுத்துவதை விசுவாசத்தின் அடையாளமாகப் பேசுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இரண்டாவது பணம். மகளுக்குக் கல்யாணம், பையனுக்குக் காலேஜ் ஃபீஸ், இரண்டு வாரமாகக் குழு லோன் கட்டவில்லை, வாசலில் ஆள் வந்து நிற்கிறார். அந்தப் பயத்தில் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், தண்டல், மீட்டர் வட்டி, கடைசியில் ஃபோனில் ஆதார் படத்தை அனுப்பினால் நிமிஷத்தில் பணம் தரும் ஏதோ ஒரு ஆப். அநியாய வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, போலீஸில் புகார் கொடுக்கலாம் என்பதே பல அக்காமாருக்குத் தெரியாது. தெரிந்தாலும் வெட்கம். டிஜிட்டல் அரெஸ்ட் என்று வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு மிரட்டுகிறவர்களும் இந்தப் பயத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது, ஃபோனை வைத்துவிட்டு வீட்டில் ஒருத்தரிடம் சொன்னாலே பாதி தெளிந்துவிடும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். இதில் என்ன ஆவிக்குரிய விஷயம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்லாதே, தனியாக இரு, உடனே முடிவெடு" என்று ஏமாற்றுக்காரர் சொல்வதும் சத்துருவாகிய பிசாசு காதில் சொல்வதும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

மூன்றாவதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நம் பெயரையே சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி தூக்கம் வராமல் ஃபோனைத் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு "உங்கள் வீட்டுக்கு எதிராக ஒரு கட்டு இருக்கிறது, இந்த நம்பருக்குக் காணிக்கை அனுப்பினால் ஏழு நாளில் உடையும்" என்று ஒரு வீடியோ வரும். கவலையில் இருப்பவருக்கு அது ஆண்டவரே பேசியது போல இருக்கும். கள்ளத்தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசுவே சொல்லியிருக்கிறார், நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று சொன்னதும் அதே பிரசங்கத்தில்தான். பயத்தைக் கூட்டிவிட்டுப் பிறகு பணம் கேட்கிற எந்தக் குரலும் நல்ல மேய்ப்பனுடையது இல்லை.

லூக்கா 21-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன ஒன்று என்னை ரொம்ப நாளாக யோசிக்க வைக்கிறது. "உங்கள் இருதயங்கள் பெருந்திண்டியினாலும் வெறியினாலும் லவுகீக கவலைகளினாலும் பாரமடையாதபடிக்கு" எச்சரிக்கையாயிருக்கச் சொல்கிறார். குடிவெறியையும் கவலையையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்! குடிக்கு எதிராக நாம் வருஷம் பூராவும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். கவலையும் அதே போல இருதயத்தை மந்தமாக்கும் என்று எந்தக் கன்வென்ஷன் கூட்டத்தில் பேசினோம்? கவலையில் அமிழ்ந்தவருக்கு முதலில் ஜெபம் போகும், அப்புறம் பைபிள் வாசிப்பு, அப்புறம் "நாலு பேர் கேப்பாங்களே" என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவதும் நின்றுவிடும். திட்டுவதாலோ ஆகாதவர் என்று ஒதுக்குவதாலோ இது மாறாது, யாராவது தேடிப் போக வேண்டும்.

அதனால்தான் "விசுவாசம் இருந்தா ஏன் பயம்" என்கிற கேள்வியை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இயேசு தோட்டத்துக்குப் போன ராத்திரியில், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சீஷர்களிடம் வாய்விட்டுச் சொன்னார், மூன்று பேரைப் பக்கத்தில் கூட்டிப்போய் "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டார். தேவகுமாரனே துணைக்கு ஆள் கேட்ட இடத்தில், மகனுக்கு வேலை போய்விட்டது என்று அழுகிற அம்மாவை விசுவாசம் குறைந்தவர் என்று எப்படிச் சொல்ல முடியும்? இயேசு தம் பாரத்தை மறைக்கவில்லை, பிதாவிடம் கொண்டுபோனார், ஒரு தடவையோடு நிறுத்தாமல் திரும்பத் திரும்பப் போய் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார். கவலையை இன்று காலையில் ஆண்டவரிடம் கொடுத்தால் மத்தியானம் திரும்ப வந்து நிற்கும், மறுபடியும் கொடுக்க வேண்டியதுதான். அதற்காக முதல் ஜெபம் வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நர்ஸாக ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லாப் படபடப்பும் மனசிலிருந்து வருவதில்லை. தைராய்டு கூடினாலும், ரத்தசோகை இருந்தாலும், சர்க்கரை இறங்கினாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், வியர்க்கும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்யாமல் மாதக்கணக்கில் உபவாசம் மட்டும் இருக்கச் சொல்வது சரி இல்லை. மனக்கலக்கம் வாரக்கணக்கில் விடாமல் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் போய், "நான் இருந்து என்ன" என்கிற பேச்சு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், ராஜாஜி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு ராத்திரி பகல் எப்போது அழைத்தாலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவு கேட்டபோது கர்த்தர் முதலில் அனுப்பியது அடையும் தண்ணீரும்தான், தூங்கவும் விட்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தார், பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சிங்கத்தைப் பற்றிச் சொன்ன பேதுரு அதற்கு அடுத்த வசனத்தில், உலகத்திலுள்ள உங்கள் சகோதரரும் இதே பாடுகளைப் படுகிறார்கள் என்று ஞாபகப்படுத்துகிறார். சபையில் நமக்குள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் பாருங்கள், ஓய்வு பெற்ற பேங்க்காரர், வக்கீல், டீச்சர், லேப் டெக்னீஷியன், போலீஸ் வேலை பார்த்தவர். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்கு அப்புறம் இவர்களில் இரண்டு பேர் கோயில் ஹாலில் ஒரு மேஜை போட்டு உட்காரட்டும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் யாராவது படித்துச் சொல்லட்டும், மாத்திரைச் சீட்டைக் கொண்டுவந்து காட்டட்டும். பெயரும் விஷயமும் அந்த மேஜையைத் தாண்டிப் போகக் கூடாது, ஜெபக்குறிப்பு என்ற பெயரில்கூட வெளியே சொல்லக் கூடாது, அதில் மட்டும் ரொம்பக் கண்டிப்பாக இருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் 14416, 1930 இரண்டையும் பெரிதாக எழுதி வையுங்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை, மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்துச் சின்னச் சபைகளிலும்கூட முடியும். போதகர் ஐயாமாரும் கமிட்டியாரும் இதைப் படித்தால் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பசுமலை, மதுரை.