பொன்னாடை காத்திருக்கட்டும்: சேகர கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய சேகரகுரு ஐயா அவர்களுக்கும், சேகரத்துச் சபைகளை நிர்வகிக்கும் சேகர கமிட்டியின் செயலர், பொருளாளர், அங்கத்தினர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நம் சேகரத்தின் தொடர் கூட்டமான மே மாதக் கன்வென்ஷனின் இரண்டாம் இரவு நடந்ததை நாங்கள் விளக்கத் தேவையில்லை. நீங்கள் மேடையில்தான் இருந்தீர்கள். ஆனால் மேடையிலிருந்து பார்த்தால் பந்தலின் பின்வரிசை தெரியாது, முகத்துக்கு நேரே ஃபோகஸ் லைட் அடிக்கும். அதனால் பின்வரிசையில் நடந்ததை மட்டும் எழுதுகிறோம்.

அன்று 'சுவிசேஷ இரவு' என்று நோட்டீசில் போட்டிருந்தது. கிறிஸ்துவை அறியாத அக்கம்பக்கத்தாரை அழைத்து வாருங்கள் என்று ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பும் வாசித்தீர்கள். சபையார் அழைத்தார்கள், அவர்களும் வந்தார்கள். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் உப்பளத்து வேலைக்குப் போகிறவர்கள். தேவசெய்தி தொடங்கியது 9.05-க்கு. கிழக்கே போகும் கடைசி டவுன் பஸ் 9.10-க்கு. பிரசங்கியார் ஜெபிக்கக் கண்ணை மூடியபோது பின்வரிசை எழுந்து போய்க்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தவர், "பின்னால் இருக்கிறவர்கள் தயவுசெய்து முன்னால் வந்து உட்காருங்கள்" என்றார். அங்கே நாற்காலிகள்தான் இருந்தன.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த கன்வென்ஷனில் சுவிசேஷ இரவின் தேவசெய்தி 7.30 மணிக்குத் தொடங்க வேண்டும்.

உப்பு வாரும் பருவத்தில் அந்த வேலை வெயிலுக்கு முந்தியாக வேண்டும். விடியுமுன்னே பாத்தியில் இறங்கினால்தான் வெண்மை கண்ணைக் குத்துவதற்குள் ஒரு பங்கு வேலையாவது முடியும். அதற்கு மூன்று, மூன்றரைக்கே எழுந்து உலை வைக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் மாலையில் குளித்து, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து ஆறரைக்கு உட்காருகிறார் என்றால், அவர் உறக்கத்தைக் கொடுத்து வந்திருக்கிறார். காணிக்கைப் பையில் அன்று விழுந்த எந்த நோட்டும் அதற்கு ஈடாகாது. உப்புத்தண்ணீரில் பாதம் வெடித்த ஓர் அம்மா, மடியில் தூங்கும் பிள்ளையோடு, எட்டே முக்காலுக்குப் பக்கத்து நாற்காலியில் கேட்டார்: "சாமி பேசுறது எப்பம்மா?" பக்கத்தில் இருந்தவர், "இப்ப, இந்தா இப்ப" என்றார். மேடையில் அப்போது எட்டாவது பொன்னாடை போய்க்கொண்டிருந்தது.

நேரம் போன வழியைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறோம். 6.30 என்று போட்ட கூட்டம் 6.50-க்குத் தொடங்கியது, மைக் சரிபார்த்தல் முடியவில்லை. பாட்டு 7.35 வரை. வரவேற்புரை கால் மணி நேரம். நான்கு குழுக்களின் சிறப்புப் பாடல், குழு மாறும்போதெல்லாம் கீபோர்டு ஒயரைக் கழற்றி மாட்டியது தனி. பந்தல், ஜெனரேட்டர், இரவு உணவு உபயதாரர் பெயர்ப் பட்டியல். அசன விருந்துக் கூப்பன் அறிவிப்பு இருமுறை. காணிக்கை. பிறகு பன்னிரண்டு பொன்னாடைகள். ஒரு பொன்னாடைக்குப் பெயர் சொல்லி, ஆள் மேடையேறி, போர்த்தி, போட்டோவுக்கு நின்று இறங்க ஒன்றரை நிமிடம். பன்னிரண்டுக்குப் பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடத்தில் ஒரு மனிதனுக்குச் சிலுவையைப் பற்றிச் சொல்லி முடித்துவிடலாம்.

அப்போஸ்தலன் பவுல் துரோவா பட்டணத்தில் நடுராத்திரி மட்டும் பிரசங்கித்தாரே என்று ஒரு மூத்த அங்கத்தினர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். உண்மைதான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சீஷர்கள். அப்போதும் ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். மரித்த அவனை உயிரோடு எழுப்பப் பவுல் இருந்தார். நம்மிடம் அந்த வரம் யாருக்கு இருக்கிறது என்று தெரிந்தால் நேரத்தைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடுகிறோம்.

எங்களுக்கு அதிகம் உறுத்துவது பவுலை விசாரித்த ரோமத் தேசாதிபதி பேலிக்ஸின் கதைதான். நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் குறித்துப் பவுல் பேசக் கேட்டு நடுங்கினான்; சமயம் கிடைக்கும்போது உன்னை அழைக்கிறேன் என்று அனுப்பிவிட்டான். அவனாவது கேட்டுவிட்டுத் தள்ளிப்போட்டான். நம் பந்தலில் தள்ளிப்போட்டவர்கள் நாம், அழைத்து வைத்த நாமே. 1871 அக்டோபர் 8 அன்று சிக்காகோவில் அமெரிக்க சுவிசேஷகர் டி. எல். மூடி, கிறிஸ்துவை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டு, யோசித்து அடுத்த ஞாயிறு வந்து சொல்லுங்கள் என்று கூட்டத்தை அனுப்பினார். அன்றிரவே நகரம் தீப்பற்றி எரிந்தது. அந்தக் கூட்டம் மறுபடி கூடவில்லை. அப்படி அவகாசம் கொடுத்தது தன் பெரிய தவறு என்று பிற்காலத்தில் அவரே பேசினார். அவர்களுக்கும் செய்தி ஒருமுறை காதில் விழுந்திருந்தது. நம் பின்வரிசைக்கு அதுவும் இல்லை.

எல்லாரும் பாவஞ்செய்தார்கள் என்பதையும், மரிப்பது ஒரேதரம், பின்பு நியாயத்தீர்ப்பு என்பதையும், கிறிஸ்துவின் நாமத்தினால் அல்லாமல் இரட்சிப்பு இல்லை என்பதையும் நாம் விசுவாசிக்கிறோம். திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுக்கிறோம். இதை உண்மையாகவே நம்புகிறவர்களின் நிகழ்ச்சி நிரல் இப்படியா இருக்கும்? ரோமர் பத்தாம் அதிகாரத்தில் 'கேள்விப்படாவிட்டால் எப்படி விசுவாசிப்பார்கள், பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்' என்று பவுல் வரிசையாகக் கேட்கிற கேள்விகளுக்கு நடுவே பொன்னாடைக்கு இடமிருக்கிறதா என்று நாங்களும் தேடிப் பார்த்தோம்.

ஆகவே 7.30. இதைச் செய்வது கடினமல்ல. மைக் செட்காரரை 5 மணிக்கே வரச்சொல்லி ஆறேகாலுக்குள் சரிபார்த்து முடிக்கச் சொல்லுங்கள். 6.30-க்கு எல்லாருக்கும் தெரிந்த இரண்டு கீர்த்தனை, சின்ன ஜெபம், பாடற்குழுவின் ஒரே பாடல். 7 மணிக்கு ஒருவர் சாட்சி, எட்டு நிமிடத்துக்கு மிகாமல். எழுதி வந்து முன்கூட்டியே காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது இருபத்தைந்து நிமிடம் ஆகும். 7.20-க்கு வேதவாசிப்பு, பத்துப் பன்னிரண்டு வசனம் போதும். 7.30 முதல் 8.10 வரை தேவசெய்தி. 8.30 வரை, விசுவாசிக்க விரும்புகிறவர்கள் முன்னால் வர அழைப்பும், அவர்களோடு தனிப்பேச்சும். வந்தவர்கள் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு நடந்துபோய்ப் பஸ் ஏறலாம். அதற்குப் பிறகு அறிவிப்பு, காணிக்கை, உபயதாரர் பட்டியல், பொன்னாடை எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். பொன்னாடைக்கு வருகிறவர்கள் காத்திருப்பார்கள். அவர்களுக்குக் கார் இருக்கிறது. பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது போலீஸ் அனுமதியிலேயே இருப்பதால் பாராட்டுரைகளும் தானாகச் சுருங்கும். அது கூடுதல் ஆசீர்வாதம்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டுக்கு வைத்த எக்கோவைப் பிரசங்கத்துக்கு அணைப்பதே இல்லை. ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. வேதவசனம் மனப்பாடமாகத் தெரிந்த நமக்கு அது பிரச்சினை இல்லை, வாய் அசைவிலேயே புரிந்துகொள்வோம். முதன்முதலாகக் கேட்கிறவருக்கு வெறும் சத்தம். மேடைப் பக்கம் நான்கு பாக்ஸ் வைத்து அலற விடுவதை விட, இரண்டைக் குறைத்து, கடைசித் தூண் பக்கம் ஒரு ஜோடி வைத்தால் பின்வரிசைக்குக் கேட்கும். தெருவைப் பார்த்துக் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களை இறக்கிவிடலாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் படுக்கையில் கிடக்கிற முதியவரும் உள்ள வீட்டுக்குள் இரைச்சலை அனுப்பிவிட்டு, அந்த வீட்டாரையே கூட்டத்துக்கு அழைப்பது எப்படி?

பிரசங்கியாரை அழைக்கும்போதே எழுதிக் கேளுங்கள்: வேதப்பகுதி ஒன்று, நேரம் நாற்பது நிமிடம், கேட்கிறவர்கள் கையில் வேதாகமம் இருக்காது. இரண்டாம் இரவு, போனவர்கள் போக மீதி இருந்தவர்களுக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஊழியப் பயண விவரம் முதல் பாதி. பிறகு 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எங்கெங்கோ உள்ள வசனங்கள், புரட்ட வேதாகமம் இல்லாதவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவில், கடன் தீரும், வீடு கட்டுவீர்கள் என்ற வாக்குத்தத்தம். தேவன் பரிசுத்தர், மனிதன் பாவி, கிறிஸ்து அந்தப் பாவத்துக்காக மரித்து உயிர்த்தார், மனந்திரும்பி விசுவாசிக்கிறவனுக்கு மன்னிப்பு உண்டு: இந்த நான்கில் ஒன்று விட்டாலும் அது சுவிசேஷம் ஆகாது. அன்று நான்கும் விட்டுப்போயின. லூக்கா 15-ஐ மட்டும் எடுத்து, ஓடிப்போன இளைய மகனையும் வீட்டிலேயே இருந்து கெட்ட மூத்த மகனையும் பேசியிருந்தால், வெளியாருக்கும் நமக்கும் சேர்த்தே செய்தி கிடைத்திருக்கும்.

அடுத்தது, கிறிஸ்துவை ஏற்க முடிவெடுத்தவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதித் தரும் தீர்மான அட்டை. முதல் இரவு வாங்கிய அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு ஆலயத்தின் பக்க அறையான வெஸ்டிரியின் பீரோவில் இருக்கின்றன. சாவி பொருளாளரிடம். பாதி அட்டையில் போன் நம்பருக்கு ஓர் இலக்கம் குறைகிறது, ஏனென்றால் இருட்டில், நாற்காலிக் கையில் வைத்து எழுதியது. அட்டையை, முன்வருகிறவரிடம் தனியே பேசும் ஆலோசகரே நிரப்ப வேண்டும், நம்பரைத் திரும்பப் படித்துக்காட்ட வேண்டும். பெண்களிடம் பெண்களே பேச வேண்டும். 'வீட்டுக்கு வரலாமா, வேண்டாமா' என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும். கணவருக்கோ மாமியாருக்கோ தெரியாமல் வந்த ஒரு பெண்ணின் வாசலில் நாம் வேதப்புத்தகத்தோடு போய் நின்றால், அன்றிரவு அடி வாங்குவது அவள்தான். வரலாம் என்றவர்களை மூன்று நாளைக்குள் இருவராகப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் தாண்டினால் அவர்களுக்கே வெட்கமாகிவிடும், 'சும்மாதான் எழுதினேன்' என்பார்கள். கையில் லூக்கா சுவிசேஷப் பிரதி ஒன்று கொடுத்தால் போதும்.

வீட்டுச் சந்திப்புக்கு ஆள் இல்லை என்று சொல்லப்படுகிறது. கமிட்டித் தேர்தலின்போது எங்கிருந்து ஐயா அவ்வளவு ஆள் வந்தது? தெரு வாரியாக வாக்காளர் பட்டியல், வெளியூரில் இருப்பவருக்கு வேன், கோபத்தில் இருப்பவருக்குத் தனித் தூது, ஒரே வீட்டுக்கு மூன்று முறை. எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்கு இருப்பார் என்பது வரை இரண்டு அணிக்கும் தெரிந்திருந்தது. வழக்குக்கு வக்கீல் பீஸ் கொடுக்க முடிகிறது. கிராமச் சபையைக் கவனித்த உபதேசியார் ஓய்வு பெற்ற இடத்துக்கு இன்னொருவரைப் போட மட்டும் பணம் இல்லை. இந்தப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்க முன்நின்றவர். பிறகு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் பேராயராக, ஞானஸ்நானம் பெறுகிறவரைத் தலையில் கைவைத்து, "நான் சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர்கள் அப்படிச் சொல்லிவிட்டுப் போய்ப் பக்கத்து ஊரில் பேசினார்கள். நம் கமிட்டிப் பதவியேற்பில் அந்த வாசகத்தைச் சேர்த்தால் எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள்?

மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது தேர்தலைப் பற்றி அல்ல, 7.30-ஐப் பற்றி.

இன்னும் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறோம். மூன்றாம் இரவு மேடையில் சேலையும் அரிசிப் பையும் வழங்கியதைத் தயவுசெய்து இனி செய்யாதீர்கள். ஏழைக்குக் கொடுப்பது நம் கடமை. அதை வேறொரு நாளில், பிரசங்கமும் அட்டையும் போட்டோவும் இல்லாமல் கொடுப்போம். மதத்தைப் பரப்பும் உரிமையை அரசமைப்பின் 25-ஆம் பிரிவு தருகிறது. அது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அழைப்புக் கொடுக்கிற அதே மேடையில் அரிசி கொடுத்தால் வழக்குப் போட நினைப்பவருக்கு நாமே படம் எடுத்துக் கொடுக்கிறோம். அதைவிடப் பெரிய நஷ்டம், மனம் உடைந்து முன்னால் வந்த ஒருவரை அவர் ஊரார் "அரிசிப் பைக்குப் போனவ" என்பார்கள். அந்தப் பெயர் அவர் சாகும்வரை போகாது.

அடுத்த கன்வென்ஷன் நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் கமிட்டி கூடும்போது இந்த மடலை அஜெண்டாவில் சேர்க்கும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறோம். நோட்டீசில் 'மாலை 6.30 மணி' என்று மட்டும் போடாமல், 'தேவசெய்தி 7.30 முதல் 8.10 வரை' என்றும் அச்சிடுங்கள். அச்சில் வந்துவிட்டால் மேடையில் யாரும் நீட்ட முடியாது. ஆலோசகர் பயிற்சிக்கும், அட்டை நிரப்பவும், மூன்று நாளைக்குள் வீடு சந்திக்கவும் நாங்கள் இருக்கிறோம். பீரோ சாவி மட்டும் வேண்டும். நேரத்தை மாற்ற இயலாது என்று கமிட்டி முடிவு செய்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி அன்போடு வேண்டுகிறோம். நாங்கள் அழைத்து வந்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் ஊழியத்தில்,
சேகரத்தின் கிராம ஊழியக் குழுவினர்