கடலை விட்டு வந்தவர்கள்

காரைக்குடி

அன்புள்ள வள்ளி,

நேற்று ராத்திரிதான் தரங்கம்பாடியிலிருந்து வந்து சேர்ந்தேன். தலைமுடியில் உப்புக்காற்றின் பிசுக்கு இன்னும் போகவில்லை. அதற்குள் உனக்குக் கடுதாசி எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்படி ஒரு காற்று! கோட்டை மாடியில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் நிற்க முடிந்தது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் படம் எடுக்கிறார்கள்.

எனக்குக் கால் நகராமல் போனது மாசிலாமணிநாதர் கோயிலில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றப் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அலை அதில் மோதித் தெறித்து என் முகத்தில் விழுந்ததும் அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. நம் நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தவர்கள், கடல் பொங்கி வந்ததைக் கண்டவர்கள், அதனால்தான் வீட்டை இவ்வளவு உயரத்தில் கட்டினார்கள் என்பாள். கடலே இல்லாத ஊரில் முகப்புக்கு ஏன் இத்தனை படி என்று நாம் சிரிப்போமே! அந்தக் காவிரிப்பூம்பட்டினம் தரங்கம்பாடியிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். கடலுக்குப் பயந்து வந்தவர்களின் பேத்திகள், வளவு முற்றத்தில் மழை விழுந்தால் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்பத்தாவைப் பெற்ற ஐயாவோ நாகப்பட்டினத்தில் கப்பலேறி மறுபடியும் அதே கடலில் பினாங்குக்குப் போனவர். போகும்போது அவருக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும்?

முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்த உனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் தமிழில் புத்தகம் அச்சடித்த ஊர் இது. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்தாக இங்கேயே வார்த்திருக்கிறார்கள். காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாற்றில் ஆலை வைத்தார்கள். அந்த இடத்துக்கு இன்னமும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பேர்! கேட்டதும் உன்னை அழைத்து வராமல் போனேனே என்று வருத்தமாகிவிட்டது.

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருவாய் அல்லவா? நோன்பு முடிந்ததும் இரண்டு நாள் கூடுதலாக இரு. பூம்புகாருக்கு நான் இன்னும் போகவில்லை, உன்னோடு போகத்தான் விட்டுவைத்திருக்கிறேன். மூட்டுவலிக்கு எந்த மருந்து சாப்பிடுகிறாய் என்று மறக்காமல் எழுது.

உன்,
மீனாள்