நீ கடஞ்சு குடுத்த புஷ்ஷு

ஏ மக்கா,

செவ்வாக்கெழம பேட்டையில ஒன் லேத்துப் பட்டறைக்கு வந்தேன். பையன், அண்ணாச்சி கல்லிடைக்குறிச்சி போயிருக்காகன்னு சொன்னான், ஆனா லேத்து பக்கத்துல ஒன் கண்ணாடி கெடந்துச்சு. அதப் பாத்ததும் மனசே சரியில்லாமப் போச்சுல. போன் போட்டா மதினிதான் எடுக்காங்க. லீவுல வந்து பத்து நாள் பாளையங்கோட்டையில இருக்கேன், இன்னும் ஒன் மொகத்தப் பாக்கல. அதான் எழுதுதேன், நேர்ல பேசுனா பாதியில எந்திச்சுப் போயிருவ, இத முழுசாப் படி.

நீ கடஞ்சு அனுப்புன புஷ்ஷ, அதான் மூட்டு ஓட்டைக்குள்ள உக்காருத அந்தச் சின்ன உலோகக் குழாய, நான் மெக்கானிக்கா இருக்க பிளேன் ஓட்டக் கத்துக்குடுக்குத ஸ்கூலு பிளேன்ல போடல, உண்மைதான். ஆனா அது நல்லா இல்லன்னு போடலன்னு எவன் ஒங்கிட்ட சொன்னான்? மைக்ரோமீட்டர வச்சு நாலு எடத்துல அளந்தேன், கொஞ்சம் கூட பிசகல. உள்ள வெரல விட்டுத் தடவிப் பாத்தேன், ஒரு கீறல் இல்ல. ஓரத்துல லேசா கூர மழுக்கி விட்டிருக்க பாத்தியா, கம்பெனி புஷ்ஷுலயே அவ்வளவு சுத்தமா இல்ல. வேலையில கொறையே சொல்ல முடியாது.

ஒனக்கு அந்த ஆட்டத்தப் பத்தி சொல்லியிருக்கேன்லா, எறங்கும்போது முன் சக்கரம் தரையத் தொட்டதும் பழைய டிவிஎஸ் 50 ஹேண்டில்பார் ஆடுத மாதிரி மொத்த பிளேனும் ஆடும், முன்னால இருக்க மீட்டர் ஒன்னையும் படிக்க முடியாது, எல்லாம் கலங்கித் தெரியும். ஷிம்மின்னு சொல்லுவோம். மொதல்ல டயர் பேலன்ஸ் பாத்தோம், பெறகு அந்த ஆட்டத்த அடக்குறதுக்குன்னு இருக்க டேம்பர்ல ஆயில் கொறஞ்சிருக்கான்னு பாத்து ஊத்துனோம், கொஞ்ச நாள் அடங்குச்சு, திரும்ப வந்துட்டு. கடைசியில சக்கரத்தத் தூக்கி வச்சு கையால அசைச்சா, சக்கரம் தானா திரும்பாம பிடிச்சுக்கிற டார்க் லிங்க் மூட்டு கடக்கடக்குன்னு ஆடுது, புஷ்ஷு முட்டை வடிவத்துல தேஞ்சு கெடக்கு. அத போட்டோ எடுத்து அளவோட அனுப்புனதுதான் நான் செஞ்ச தப்பு, நீ கேக்காமலே கன்மெட்டல்ல கடஞ்சு பார்சல் போட்டுட்ட.

கன்மெட்டல், அந்த வெண்கல வகை, அதுதான் மொத சிக்கல். அளவ தேஞ்ச புஷ்ஷுலருந்து எடுத்துரலாம். ஆனா எந்த மெட்டல், எவ்வளவு ஹார்டு, என்ன ஹீட் ட்ரீட்மெண்ட்டுன்னு டிராயிங்லதான் இருக்கும், அந்த டிராயிங் எங்கிட்டயும் கெடையாது. புஷ்ஷு ரொம்ப ஹார்டா இருந்தா அது தேயாது, அது இருக்க லிங்க்கத் தேய்ச்சிரும். இத நான் ஒனக்கு சொல்லணுமா, எனக்கு சொல்லிக் குடுத்தவனே நீதான்.

ரெண்டாவது, போன்ல கேட்டியே, ஆகாசத்துல போற சாமானுக்கு மட்டும் பேப்பர் எதுக்குலன்னு. ஒங்கப்பாவ நெனச்சுப் பாரு. பம்பு சாஃப்ட்டு எத கடஞ்சாலும் முனையில பஞ்ச வச்சு ஒரு புள்ளி அடிப்பாகல்லா, பெறகு அந்த நீளமான நோட்டுல தேதி, யாருக்குப் போச்சு, எந்தக் கம்பியில வெட்டுனதுன்னு எழுதுவாக. பத்து வருஷம் கழிச்சு ஒருத்தன் ஒடஞ்ச சாஃப்ட்டத் தூக்கிட்டு வந்தா, புள்ளியப் பாத்து நோட்ட எடுத்து, அந்தக் கம்பி லோடுல இன்னும் யாருக்கெல்லாம் போயிருக்குன்னு பாத்து ஆள் அனுப்புவாக. அந்தப் புள்ளியும் நோட்டும்தான்ல நான் சொல்லுத பேப்பரு. அமெரிக்காவுலருந்து வந்தா 8130-3ன்னு ஒரு ஃபார்ம், நம்ம நாட்டுல சிஏ ஃபார்ம் 1. அது இல்லாம வந்த சாமான் தங்கத்துல செஞ்சிருந்தாலும் நான் கையெழுத்துப் போட முடியாது. அமெரிக்காவுல பிளேன் வச்சிருக்கவன் தன்னோட பிளேனுக்குத் தானே பொறுப்பெடுத்து பார்ட்டு செஞ்சுக்க ஒரு விதி உண்டு, அதுக்கும் டிராயிங், மெட்டல், செஞ்ச மொறை எல்லாம் காட்டணும். நான் வேலை பாக்குத எடத்துல அந்த வழி கெடையாது.

எங்க பிளேன் 1981 மாடல் செஸ்னா 152. 1977ல செய்ய ஆரம்பிச்சு 1985ல நிப்பாட்டிட்டாங்க, 7,500க்கும் மேல செஞ்சும் அதுக்கப்புறம் ஒன்னு கூட புதுசா வரல. கேஸு, நஷ்ட ஈடு, இன்சூரன்ஸ்னு செலவு ஏறிப்போயி 1986ல சின்ன பிஸ்டன் பிளேனையே கம்பெனி விட்டுட்டு. 1994ல, 18 வருஷத்துக்கு மேல ஆன பிளேனுக்கு செஞ்ச கம்பெனிய பெரும்பாலும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதுன்னு அமெரிக்காவுல சட்டம் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் அதே கம்பெனியோட 172 மாடல் திரும்ப வந்துச்சு, 152 வரவே இல்ல. அதனால எங்களுக்கு சாமான் வர வழி கொஞ்சம்தான். கம்பெனி இன்னும் சிலது செஞ்சு குடுக்கும், அனுமதி வாங்குன வேற ஆளுங்க சிலது செய்வாங்க, இல்லன்னா பழைய பிளேன உடைச்சு விக்கிற யார்டு. நம்ம ஆக்கர் கடை மாதிரி கிலோ கணக்குல வாங்குறது இல்ல, எந்த பிளேன்லருந்து கழட்டுனது, எத்தன மணி நேரம் ஓடுனதுன்னு பாத்து, அத ஒரு ரிப்பேர் ஷாப்புல செக் பண்ணி டேக் போட்டுக் குடுக்கணும். இந்த புஷ்ஷுக்கு மட்டும் ஏழு வாரம் ஆச்சு, அதுல கஸ்டம்ஸ்ல கெடந்ததே பாதி.

அந்த ஏழு வாரமும் பிளேன் ஹேங்கர்ல நிக்கி, படிக்கிற பிள்ளைங்க தெனமும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போவும். பணம் போட்டவுக, கையில ஒன்னு இருக்கே அதப் போட்டு ஓட்ட வேண்டியதுதானன்னு கேட்டாக. ஒன் புஷ்ஷு மேசை மேலதான் இருந்துச்சு, ஒரு நாள் ராத்திரி அத டார்க் லிங்க்ல வச்சுகூடப் பாத்தேன், கச்சிதமா உக்காந்துச்சு. அப்படியே எடுத்து திரும்ப மேசை மேலயே வச்சிட்டேன். அன்னைக்கு தூக்கம் வரல மக்கா.

சின்ன சாமான்தானன்னு நெனைக்க முடியல. இதே 152ல பைலட் சீட்டு ஒரு தண்டவாளத்துல முன்ன பின்ன போகும், அதுல ஓட்டை இருக்கும், ஒரு பின்னு ஓட்டையில விழுந்து சீட்டப் பிடிச்சுக்கும். ஓட்டை தேஞ்சு பின்னு சரியா விழலன்னா, டேக் ஆஃப்ல மூக்கு மேல தூக்கும்போது சீட்டு சர்ருன்னு பின்னால போவும், ஓட்டுதவன் பதறி ஸ்டியரிங்க இழுத்துப் பிடிப்பான், மூக்கு இன்னும் தூக்கும், வேகம் செத்து பிளேன் விழுந்துரும். அப்படி ஆளுங்க செத்துப்போயித்தான் 1987ல அந்த ரெயில செக் பண்ணச் சொல்லி ஆர்டரு போட்டாங்க, இன்னைக்கும் 100 மணி நேரத்துக்கு ஒரு தடவ நான் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாக்கேன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு எடத்துல பிரேக்குக்கு கார் பிரேக் ஆயில ஊத்திட்டாங்க. இதுக்கு 5606ன்னு செவப்பா ஒரு மினரல் ஆயில், ஷிம்மி டேம்பருக்கும் அதேதான். கார் ஆயில் பட்டதும் ஒழுகாம அடைக்கிற ஓ-ரிங் ரப்பர் வளையம் எல்லாம் ஊறப் போட்ட உளுந்து மாதிரி உப்பிப் போச்சு. போல்ட்டும் அப்படித்தான், கால் இஞ்சு போல்ட்டு வண்ணார்பேட்டையில எந்தக் கடையிலயும் கெடைக்கும், ஆனா எங்களுக்கு பிளேனுக்குன்னே செய்யுத ஏஎன் 4 தான், தலையில நட்சத்திரமோ சிலுவையோ ஒரு குறி இருக்கும், அதுவும் ஒங்கப்பா புள்ளி மாதிரிதான். இன்ன ஸ்டீலு, இவ்வளவு இழுவ தாங்கும்னு அதப் பாத்தே தெரிஞ்சுகிடலாம்.

எட்டாம் கிளாஸ்ல நாம ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல கயத்தாறு போயி அந்த யுத்த காலத்து ரன்வேயில நின்னோம்லா, காத்து அள்ளிக்கிட்டுப் போச்சு, நீ கையை விரிச்சுக்கிட்டு அந்தக் கடைசி வரைக்கும் ஓடுன. ஒரு நாள் இங்கன பிளேன் வரும், அதுக்கு நான் சாமான் செய்வேன்னு சொன்ன. நான் மறக்கல. ஒன் பார்சல பிரிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு, அதனாலதான் போட முடியாதுன்னு ஒடனே ஒங்கிட்ட சொல்ல வாய் வரல, மூணாவது ஆள் மூலமா ஒனக்குத் தெரியிற மாதிரி ஆயிட்டு. அது என் தப்பு, அதுக்கு நீ கோவப்படலாம்.

இப்ப ஒரு வேலை இருக்கு. புது புஷ்ஷு வந்துட்டு, நான் போயித்தான் மாட்டணும். பழச தட்டி எடுக்கவும் புதுச கோணாம உள்ள எறக்கவும் சரியான டிரிஃப்ட்டு, அதான் நடுவுல வச்சுத் தட்டுத கம்பி, அங்க இல்ல, எவனோ போல்ட்ட வச்சுத் தட்டி லிங்க்குல ஏற்கனவே ஒரு வடு இருக்கு. இது பிளேனோட பறக்கப் போற சாமான் இல்ல, டூல்ஸ் பெட்டியில இருக்கப் போறது, இதுக்கு நீ தாராளமா செய்யலாம். பித்தளையில வேணும், படி வச்சு, முன்பக்கம் புஷ்ஷுக்குள்ள லேசா நுழையணும், படி புஷ்ஷு ஓரத்துல உக்காரணும், ஆனா வெளி விட்டம் புஷ்ஷ விட கொஞ்சம் கம்மியா இருக்கணும், லிங்க்கத் தொடக்கூடாது. அளவு ஒங்கிட்டயே இருக்கு. ஒங்கப்பா புள்ளிய முனையில அடி.

புதங்கெழம ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல கெளம்புதேன். அதுக்கு முந்தி வீட்டுக்கு வா, அம்மா சொதி வைக்காக.