மணமான அரசு ஊழியரின் பெற்றோருக்கும் காப்பீடு வேண்டும்: நிதித்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் நிதித்துறைச் செயலாளர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு ஊழியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2021 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது மாதச் சந்தா 180 ரூபாயிலிருந்து 300 ரூபாயானது. அதற்கேற்ப நான்கு ஆண்டுகளுக்கான காப்பீட்டுத் தொகையும் 5 லட்சமாக, குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு 10 லட்சம் வரை, உயர்ந்தது. அந்த உயர்வை ஊழியர்கள் மனநிறைவோடு வரவேற்றோம். எங்கள் குறையெல்லாம் அத்திட்டத்தில் யாரைச் சேர்க்கலாம் என்ற விதியைப் பற்றியதே.

கணவன் அல்லது மனைவிக்கும், வேலையோ திருமணமோ அமையாத பிள்ளைகளுக்கு 25 வயது வரையும் திட்டத்தில் இடமுண்டு. பெற்றோருக்கோ, ஊழியர் மணமாகாதவராக இருக்கும்வரைதான் இடம். மணமான ஊழியர் திருமணச் சான்றிதழை இணைத்துத் துணைவரின் பெயரைச் சேர்க்கும் நிலைக்கு வந்துவிட்டால், அதுவரை காப்பீட்டில் இருந்த தாய் தந்தையர் தகுதி இழக்கிறார்கள். அவர்களுடைய வயதோ, வருமானமின்மையோ, சர்க்கரை நோயோ அந்தத் திருமணத்தால் மாறிவிடுவதில்லை. பெற்றோருக்கு முழங்கால் மாற்று அறுவையோ இதய சிகிச்சையோ தேவைப்படுவது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு மணமாகிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் என்பதால், பாதுகாப்பு மிகவும் வேண்டியிருக்கும் வயதில்தான் அது அவர்களுக்கு மறுக்கப்படுகிறது. அப்போது மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் ஊழியர் தம் அட்டையை நீட்டினாலும், அதில் தாயின் பெயர் இல்லாததால், முன்பணம் கட்டும்படிதான் சொல்வார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். குடும்ப அட்டையில் பெயருள்ள, சார்ந்து வாழும் பெற்றோரை அத்திட்டம் ஏற்கிறது. அந்த நல்ல விதியை வகுத்ததும் இதே அரசுதான். ஆனால் குடும்ப ஆண்டு வருமான வரம்பைப் பார்க்கும்போது, அரசு ஊழியரான மகனின் அல்லது மகளின் அட்டையில் இருக்கும் பெற்றோர் அங்கும் நுழைய முடிவதில்லை. பிள்ளையின் சம்பளத்தைக் காட்டி ஒரு திட்டமும், பிள்ளையின் திருமணத்தைக் காட்டி இன்னொரு திட்டமும் அவர்களை விலக்கிவிடுகின்றன.

பிற இடங்களில் அளவுகோல் வேறாக இருக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், அதாவது இ.எஸ்.ஐ.யில், தொழிலாளிக்கு மணமானதா என்று பாராமல் பெற்றோரின் வருமானத்தையே பார்க்கிறார்கள். ஒன்றிய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸில் பெண் ஊழியர் தம் பெற்றோரையோ மாமனார் மாமியாரையோ தேர்ந்து சேர்த்துக்கொள்ளலாம். உடன்பிறந்தார் இல்லாத மகள்களுக்கு இந்த உரிமை எவ்வளவு பெரியது என்பதை நீங்கள் அறிவீர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, பிள்ளைகள் தர வேண்டிய பராமரிப்பில் மருத்துவச் சிகிச்சையையும் சேர்த்தே சொல்கிறது. மணமான பிள்ளைகளுக்கு அதில் விலக்கு இல்லை. சட்டம் சுமத்தும் அந்தக் கடமையை நிறைவேற்ற, சந்தா செலுத்தும் ஊழியருக்கு அரசின் திட்டமும் துணைநிற்க வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

முதியவர்களைச் சேர்த்தால் பிரீமியம் கூடும் என்பது உண்மையே. அதனால் இதை எல்லார் மீதும் ஏற்ற வேண்டும் என்று கேட்கவில்லை. பெற்றோரைச் சேர்க்க விரும்பும் ஊழியரிடம் மட்டும் கூடுதல் சந்தாவைப் பிடித்தம் செய்யுங்கள். தனிநபராக ஒரு முதியவருக்குப் பாலிசி எடுக்கப்போனால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும், ஆண்டுதோறும் ஏறும் பிரீமியமும் எதிர்நிற்கின்றன. லட்சக்கணக்கான ஊழியர்கள் சேர்ந்த குழுக் காப்பீட்டால்தான் அந்தச் சுமையைப் பரவலாக்க முடியும். ஓய்வூதியம் பெறும் பெற்றோர் தமக்குரிய தனித் திட்டத்திலேயே தொடரட்டும். மற்றவர்கள் உண்மையில் சார்ந்து வாழ்கிறார்களா என்பதை வருமானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் கொண்டு சம்பளம் வழங்கும் அலுவலரே சரிபார்த்துவிடலாம்.

எனவே, அடுத்த காப்பீட்டு ஒப்பந்தத்துக்கான ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பே, மணமான ஊழியரைச் சார்ந்து வாழும் பெற்றோரையும், பெண் ஊழியர் விரும்பினால் அவர்களுக்கு மாற்றாக மாமனார் மாமியாரையும் சேர்ப்பதற்கு ஆகும் கூடுதல் சந்தாவைக் கணக்கிட்டு, ஊழியர் சங்கங்களிடம் கருத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்