முவாசாக் ஊருக்கும், சாக்ஸ் தந்த பாட்டிக்கும்

அம்மா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்னியில் உப்பு கம்மி என்றார். அப்பாடா என்று இருந்தது. பிரான்ஸ் பயணத்தில் அம்மாவுக்குத் திடீரென உடம்புக்கு முடியாமல் போனது உங்களில் பலருக்குத் தெரியும். நேரம் காலம் பார்க்காமல் போன் செய்து விசாரித்தவர்கள் நீங்கள்தானே. அதை மறுபடி சொல்லப் போவதில்லை. முவாசாக் ஊருக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. பரவாயில்லை, எனக்கு இந்த மொழியில்தான் நன்றி சொல்ல வருகிறது.

தென்மேற்குப் பிரான்சில், தார்ன் ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர். நாங்கள் போனதே மடாலயத்தின் தெற்கு வாசல் சிற்பங்களைப் பார்க்கத்தான். மேலே நடுவில் கிறிஸ்து. சுற்றிலும் கையில் வாத்தியத்தோடு, பைபிளில் வரும் 24 மூப்பர்கள், கழுத்தைத் திருப்பி அவரையே பார்க்கிறார்கள். நடுத்தூணின் பக்கவாட்டில் கால்களைப் பின்னிக்கொண்டு எரேமியா தீர்க்கதரிசி. "நம்ம கோயில் தூண்ல நிக்கிற மாதிரியே இருக்கார்டா" என்றார் அம்மா. உடனே செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்தார். இங்கே அது வேண்டாம்மா என்றேன். "சாமி இருக்கிற இடம்" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார். அக்டோபர் மாதத்துக் கல் தரை, ஐஸ் மாதிரி. அப்புறம் பத்து நிமிடத்தில்தான் அது நடந்தது.

வண்டி வருவதற்குள் ஒரு பாட்டி வந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். முதுகுப்பையில் யாத்திரைக்காரர்களின் சிப்பி தொங்கியது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தரையில் மண்டியிட்டு, அம்மாவின் பாதங்களை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தார். பிறகு பையின் அடியில் கைவிட்டு, சுருட்டி வைத்திருந்த சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸை எடுத்தார். வலது இடது என்று விரல் பக்கத்தில் எழுத்துப் போட்டிருந்தது. அந்த அவசரத்திலும் அதைப் பார்த்து மாட்டினார். அம்மா காலை இழுத்துக்கொண்டார். வார்த்தை சரியாக வராத நிலையிலும் "பெரியவங்க... வேண்டாம்" என்றார். பாட்டிக்கு என்ன புரிந்ததோ, குழந்தையைத் தட்டுவது போலக் கணுக்காலில் மெல்லத் தட்டிவிட்டு அடுத்த காலைப் பிடித்தார்.

வண்டியின் கதவு மூடும்போது கை அசைத்தார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

அன்றிரவு விடுதிக்கார அம்மாதான் விளக்கினார். யாத்திரை தொடங்கும் லு பூய் நகரிலிருந்து நடப்பவர்கள் முவாசாக் வருவதற்குள் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் கடந்திருப்பார்கள். யாத்திரை முடியும் இடமான ஸ்பெயினின் சந்தியாகோ வரை போவதென்றால் இன்னும் ஆயிரத்துக்கு மேல். பையில் இரண்டு மூன்று ஜோடிக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். சாக்ஸ் ஈரமானால் கொப்புளம், கொப்புளம் வந்தால் நடை நின்றது. அவர் தந்தது காய்ந்த ஜோடியை.

மற்றவர்களையும் சொல்லியாக வேண்டும். முதலில் ஓடிவந்த தீயணைப்புப் படையினர் (அங்கே இந்த வேலையையும் அவர்கள்தான் பார்க்கிறார்கள்; சிவப்பு வண்டியைக் கண்டு எங்கே தீ என்று முழித்தேன்), போனில் மொழிபெயர்த்துப் பேசிய இரவு நேர நர்ஸ், கூடுதல் நான்கு நாளுக்குக் காசு வாங்க மறுத்து வாசலில் ஷாஸ்லா திராட்சை வைத்துவிட்டுப் போன விடுதிக்கார அம்மா, துலூஸிலிருந்து ரசம் கொண்டுவந்த நண்பர்கள். பயணக் காப்பீட்டுக்காரர்களைப் பற்றி இன்று பேச வேண்டாம்.

இரண்டாம் நாள் மாலை அம்மா தூங்கியபின் ஆற்றோரம் நடந்தேன். 1930 மார்ச்சில் இதே தார்ன் பெருகி அந்த ஊரில் நூறு பேருக்கு மேல் கொண்டுபோயிருக்கிறது. கரையிலேயே, துறைமுகத் தெருவில், 18ஆம் எண் வீடு. 1939 கடைசியில் யூதச் சாரணர் இயக்கத்தார் தொடங்கிய குழந்தைகள் இல்லம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அங்கே தங்கினார்கள். 1943இல் நாஜிகளால் ஆபத்து முற்றியதும் வெவ்வேறு இடங்களில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். அந்த வீட்டு எதிரே வெகுநேரம் நின்றேன். ஏனோ அப்போதுதான் அழுகை வந்தது.

நான்காம் நாள்தான் செருப்பு ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தால் படியோரம் இல்லை. மழை படாத வாசல் வளைவுக்குள் யாரோ நகர்த்தி, ஜோடியாக, வெளியே வருகிறவர் மாட்டிக்கொள்ளத் தோதாகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

சாக்ஸை அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறார். முகவரி இல்லாமல் எங்கே அனுப்புவது? கால் தேறியதும் அந்தப் பாதையில் கொஞ்ச தூரமாவது நடக்க வேண்டுமாம், வெறுங்காலோடு யாராவது எதிர்ப்பட்டால் கொடுக்கலாமாம். வெறுங்காலோடு அங்கே யாரும்மா வருவார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். பதிலே இல்லை. இன்று காலை, இன்னும் இரண்டு ஜோடி வாங்கி வரச் சொன்னார். வலது இடது எழுத்துப் போட்டதாகப் பார்த்து.